அம்மாவும் அடல் சுரங்கமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

"வயசான அம்மாவை எதுக்கு மலைக்கெல்லாம் இழுத்துக்கிட்டு அலையறே?"

2025 ஏப்ரலில் இருந்து இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். திருநெல்வேலியில் சித்தப்பா கேட்டார். சென்னையில் இருக்கும் மச்சான் போன் போட்டுக் கேட்டார். இங்கே சண்டிகரில் பிராஞ்சில் பக்கத்து சீட்காரர் இந்தியில் கேட்டார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். விஷயமும் கொஞ்சம் நாற்றமடிக்கிற விஷயம்தான், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரவும்.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு, பிபி உண்டு, நாக்கு நன்றாக இருக்கிறது, கண் அதைவிட நன்றாக இருக்கிறது. மாற்றலாகி நான் சண்டிகர் வந்த பிறகு வருஷத்துக்கு ரெண்டு மூணு மாசம் எங்களோடு இருப்பாள். அந்த ஏப்ரலில் ரெண்டாம் சனி, ஞாயிறு, திங்கள் அம்பேத்கர் ஜெயந்தி என்று மூணு நாள் லீவு சேர்ந்து வந்தது. பேங்க்காரனுக்கு இதைவிட பெரிய வரம் கிடையாது. காரை எடுத்துக்கொண்டு கிரத்பூர், பிலாஸ்பூர், மண்டி, குலு வழியாக மணாலி. அங்கிருந்து அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு. நான், மனைவி, மகள், அம்மா.

(எல்.எஃப்.சி.யில் போகலாமே என்று கேட்கும் பேங்க் நண்பர்களுக்கு: அப்பாவின் குடும்பப் பென்ஷன் வருவதால் ரூல்படி அம்மா என் டிபென்டன்ட் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, நான் யாரையும் நம்பி இல்லைன்னு உங்க பேங்க்குக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள்.)

மலைப்பாதை வளைவில் வயசானவர்களுக்குத் தலைசுற்றும், குளிர் தாங்காது, மூச்சு முட்டும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். தலைசுற்றியது என் மகளுக்கு. குளிரில் நடுங்கியது நான். அம்மா சிஸ்ஸுவில் பனியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஃப்ரீஸரைக் கழுவாம விட்டா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். மலை அவளை ஒன்றும் செய்யவில்லை. ரோடுதான் செய்தது.

விஷயம் இதுதான். அம்மா பிரயாணத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். முந்தின நாள் ராத்திரியே நிறுத்திவிடுவாள். காலையில் காபி அரை டம்ளர். அப்புறம் இறங்கும்வரை தொண்டையை நனைக்க ஒரு வாய், அவ்வளவுதான். உங்கள் வீட்டு அம்மாவும் இப்படித்தான், கேட்டுப் பாருங்கள். என் மாமியார் அப்படி. நண்பர்களின் அம்மாக்கள் அப்படி. இந்த நாட்டில் அறுபது தாண்டிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பழக்கம். அம்மா பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். கல்யாணமாகி வருஷக்கணக்கில் வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. நடுவில் பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். அப்போது பழகிய வித்தையை 74 வயதில் நாலு வழிச் சாலையில் ஏர்கண்டிஷன் காரில் உட்கார்ந்துகொண்டு செய்கிறாள் என்றால், நடுவில் ஐம்பது வருஷமாக நாம் போட்ட ரோடு யாருக்காக?

ஆம்பளைகளுக்காக, வேறு யாருக்காக! எங்களுக்கு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றால் முடிந்தது காரியம். பியாஸ் நதிக்கரை முழுக்க நின்றுகொண்டிருக்கிறோம். இயற்கை எழிலை ரசிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை கிரத்பூர் சாகிப்பில் நிறுத்தினோம். ஆறாவது குரு ஹர்கோபிந்த் உருவாக்கிய ஊர், அவர் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இங்கேதான். மறுநாள் வைசாகி. பக்கத்தில் அனந்த்பூர் சாகிப் போகிற கூட்டம் டிராக்டர், லாரி, பைக் என்று ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது. குருத்வாராவில் கால் வைக்க இடமில்லை. அம்மா புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். உள்ளே போனதும் சாமி எங்கே என்று கேட்கவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். போய்விட்டு வந்தாள். வந்ததும் ஒரு சின்னப் பையன் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். அப்புறம் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, "சோறு மட்டும் இருந்தா நம்ம ஊரு மாதிரியே இருக்கும்" என்று சர்டிஃபிகேட் வேறு.

அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கழிப்பறையைப் பார்த்தாள், அப்புறம்தான் தண்ணீர். அத்தனை ஆயிரம் பேர் வந்து போகிற நாளில் அது சுத்தமாக இருந்தது, தரை காய்ந்து இருந்தது, மக் இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. காசு வாங்கவில்லை. நீ யாரு, என்ன மதம், வண்டி நம்பர் என்ன என்று கேட்கவில்லை. நல்ல சட்டை போட்ட ஒருத்தர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கழுவிக்கொண்டிருந்தார். சேவை.

அங்கிருந்து காசு வாங்குகிற ரோடு ஆரம்பிக்கிறது. கிரத்பூர் - நேர் சௌக் நாலு வழிச் சாலை, 2023இல் வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அருமையான ரோடு, அதில் சந்தேகமே இல்லை. மலையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாகப் போட்டிருக்கிறார்கள். பக்ரா அணையின் கோவிந்த் சாகர் கீழே பச்சையாகத் தெரிகிறது. பழைய பிலாஸ்பூர் ஊரும் அதன் கோயில்களும் அதற்குள் முழுகிப் போனவை, தண்ணீர் இறங்கும் காலத்தில் கோபுரங்கள் தலை காட்டும். இதை அம்மாவிடம் சொன்னபோது பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குருத்வாராவில் குடித்த ரெண்டு கிண்ணம் தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தில் தன் வேலையைக் காட்டியது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க். கம்பெனிப் பெயர் வேண்டாம். பெண்கள் படம் போட்ட கதவு, அதில் திண்டுக்கல்லையே தோற்கடிக்கும் பூட்டு. சாவி மேனேஜரிடம். மேனேஜர் எங்கே? கீழே ஊருக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார்? பையன் தோளைக் குலுக்கினான். பங்க்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் காற்றும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று எண்ணெய் கம்பெனிகளின் டீலர் விதிமுறையிலேயே இருக்கிறது. அதை அந்தப் பையனிடம் என் வங்கி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "எய்யா, விடு. எனக்கு வரலை. நீ வண்டியை எடு."

வரலை! இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம்முடைய நெடுஞ்சாலைகள் எல்லாம் ஓடுகின்றன.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன டாபா. கழிப்பறை இருக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். கடைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். உள்ளே ரொட்டி போட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். பதினைந்து நிமிஷம் கழித்து ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இவளுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன பேசினார்கள் என்று கேட்டால், "அவளுக்கும் முட்டு வலியாம்" என்றாள்.

நெகிழ்ச்சியாக இருக்கிறதா? எனக்குக் கோபமாக இருந்தது. அந்த அம்மாள் மேல் இல்லை. இத்தனை கோடி செலவழித்துப் போட்ட ரோட்டில் போகிறவர்கள், ரொட்டி சுடுகிற ஒருத்தியின் நல்ல மனசை நம்பிப் போகவேண்டியிருக்கிறதே என்றுதான். அந்த அம்மாளின் இரக்கம் அரசாங்கத்தின் எந்தப் பட்ஜெட்டிலும் வராது. அவர் கதவைச் சாத்தியிருந்தால் குற்றம் சொல்லவும் முடியாது.

இனி கணக்கு. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. கட்டடம் கட்டுவது முதலாவது. அதைத் தினமும் கழுவுவது ரெண்டாவது. நம்முடைய நாடு முதலாவதை உயிராக நேசிக்கிறது, ரெண்டாவது பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று திறந்த அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர், 3,000 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 3,200 கோடி ரூபாய். ரோதாங் கணவாயைச் சுற்றிப் போகாமல் 46 கிலோமீட்டர் மிச்சம். எனக்கு அதில் பெருமைதான், மகளுக்குப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். சுரங்கத்துக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. பினாயிலுக்கு யாராவது ரிப்பன் வெட்டியிருக்கிறார்களா?

அதனால்தான் கழிப்பறை கட்டுவார்கள், அப்புறம் பூட்டுவார்கள். கட்டவில்லை என்று நான் சொல்லவே இல்லை. கட்டியதைத் திறந்து, கழுவி, தண்ணீர் விட்டு, விளக்குப் போட்டு வைக்க மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். மூணு ஷிஃப்டு, ஷிஃப்டுக்கு ரெண்டு பேர், ஆளுக்கு 18,000 சம்பளம் என்று வைத்தால் 1,08,000. தண்ணீர், பினாயில், ரிப்பேர், கரண்ட்டுக்கு 42,000. ஆக மொத்தம் மாசம் ஒன்றரை லட்சம். ஒரு காருக்கு டோல் நூறு ரூபாய் என்று வையுங்கள். தினம் 50 கார் கட்டுகிற டோல் இதற்குப் போதும். சனிக்கிழமை காலையில் 50 கார் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வாங்குவதில் மட்டும் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் இல்லாவிட்டால் ரெட்டிப்புக் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். பிராஞ்சில் டார்கெட் போட்டு நானே எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறேன். 2025 ஆகஸ்டு 15இல் காருக்கு வருஷ பாஸ் வந்தது, 3,000 ரூபாய்க்கு 200 தடவை. எல்லாம் நொடியில் நடக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கம்பத்தில் இருக்கும் கருவி படித்துவிடுகிறது. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் படிக்கத்தான் கருவி இல்லை.

2025 அக்டோபரில் நெடுஞ்சாலை ஆணையம் ஒரு போட்டி வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? டோல்கேட்டில் அசுத்தமான கழிப்பறையைப் படம் எடுத்து ஆப்பில் அனுப்பினால் ஃபாஸ்டாக்கில் 1,000 ரூபாய் ரீசார்ஜ். அந்த மாசம் 31ஆம் தேதி வரை என்று அறிவித்தார்கள். ஒரு பேங்க் ஆபீசராகச் சொல்கிறேன், தன்னுடைய ஆடிட்டை வாடிக்கையாளரை வைத்தே செய்துகொள்வது நல்ல யோசனைதான். ஆனால் பேங்க்கில் கேஷ் குறைகிறதா என்று வாடிக்கையாளரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நீங்கள் அங்கே கணக்கு வைத்திருப்பீர்களா? போட்டி முடிந்த மறுநாளில் இருந்து அசுத்தம் எங்கே போகும்?

சரி, இவர்களிடம் திட்டமே இல்லையா என்றால் உண்டு. 2021இல் 600க்கும் மேற்பட்ட இடங்களில், 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்று என்று, ஐந்து வருஷத்தில் வழியோர வசதிகள் வரும் என்று அறிவித்தார்கள். அதிலும் ஒரு சமவெளிக்காரனின் புத்தி இருக்கிறது. பானிபட்டில் 50 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி. மண்டிக்கு மேலே பியாஸ் ஓரம், 2023 ஜூலை வெள்ளத்தில் ஆறு கடித்துத் தின்ற ரோட்டில், எதிரே லாரி, மேலே கல் விழுமோ என்று பார்த்துப் போனால் அது ரெண்டு மணியோ மூணு மணியோ. மூத்திரப்பைக்குக் கிலோமீட்டர் தெரியாது, மணிக்கணக்குத்தான் தெரியும்.

மலையில் இடம் ஏது, தண்ணீர் ஏது என்பார்கள். ஜப்பானும் மலை நாடுதான். அங்கே 1993இல் 'மிச்சி நோ எக்கி' என்று ரோட்டோர நிலையங்களைத் தொடங்கினார்கள், இப்போது 1,200க்கு மேல். 24 மணி நேரமும் இலவசக் கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், பக்கத்திலேயே உள்ளூர் விவசாயிகளின் காய்கறி, பழம் விற்கும் கடை. குலு ரோட்டில் ஆப்பிள் விற்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். லாஹௌல் பட்டாணியும் உருளைக்கிழங்கும் இருக்கிறது. இல்லாதது ஒரு சுத்தமான கழிப்பறையும் அதைக் கழுவ ஒரு சம்பளமும்தான்.

ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. கழுவுவது 'அவர்கள்' வேலை என்று ஆயிரம் வருஷமாக ஒதுக்கி வைத்த சமூகம் இது. எஸ்டிமேட் போடுகிற இன்ஜினீயரும், கையெழுத்துப் போடுகிற அதிகாரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்க்காத இடம் நாறத்தான் செய்யும். கிரத்பூரில் அந்த நல்ல சட்டைக்காரர் மடித்துவிட்டுக்கொண்டு நின்றது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறதா? அதற்காக ரோட்டையும் சேவையில் நடத்துங்கள் என்று சொல்லவில்லை. சம்பளம் கொடுங்கள், கையுறை கொடுங்கள், மரியாதை கொடுங்கள். டோல் வாங்குகிறீர்கள் அல்லவா?

ஒரு நண்பர் ஐடியா கொடுத்தார்: "டயப்பர் போட்டு விடுங்களேன், இப்போ பெரியவங்களுக்கும் நல்லா வருது." தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அடக்கம் தவறவில்லை. அவள் உடம்பில் கோளாறு இல்லாதபோது ரோட்டின் கோளாறுக்கு அவள் ஏன் டயப்பர் கட்டிக்கொள்ள வேண்டும்?

மணாலியில் அன்று ராத்திரி அம்மாவின் கால் ரெண்டும் வீங்கியிருந்தது. தலை கனக்கிறது என்றாள். கையோடு கொண்டுபோன மெஷினில் பிபி பார்த்தால் 178. மனைவி மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள். பிபி மாத்திரையோடு டாக்டர் கொடுத்த நீர் மாத்திரைப் பட்டையில் கணக்கு உதைத்தது, ரெண்டு அதிகமாக இருந்தது. கேட்டதற்கு அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதைப் போட்டா நாலு தரம் போகணும்யா. நடு ரோட்டில நான் எங்க போவேன்? ஊர்ல இருந்து ரயில்ல வரும்போதும் போடமாட்டேன்."

மறுநாள் காலை மணாலியில் ஒரு டாக்டரைப் பார்த்து, மாத்திரை போட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, ஒரு நாள் முழுக்க அறையிலேயே ஓய்வு எடுத்து, பிபி இறங்கின பிறகுதான் திங்கட்கிழமை சுரங்கத்தைத் தாண்டினோம். நான் ஒரு நாள் லீவு நீட்டினேன். அன்று சித்திரை ஒன்று. வேப்பம்பூ எங்கே கிடைக்கும் என்று மணாலியில் கேட்ட ஒரே ஆள் எங்கள் அம்மாவாகத்தான் இருக்கும்.

ஆக, சித்தப்பா, மச்சான், பக்கத்து சீட்காரர் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து உயரத்தில் இல்லை, வளைவில் இல்லை, அவள் வயசில் இல்லை. வாயைக் கட்டி, மாத்திரையை ஒளித்துப் பிரயாணம் செய்ய வைக்கிற ரோட்டில் இருக்கிறது. நீங்கள் ரோட்டைக் கேட்க வேண்டிய கேள்வியை என்னைக் கேட்கிறீர்கள்.

அவளை வீட்டிலேயே விட்டிருந்தால் என்ன போயிருக்கும் என்றும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ரோப்பர் பக்கம் கோதுமை பழுத்து நின்றது, அறுவடை மெஷின் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் சௌக்கைச் சுற்றி பல்ஹ் பள்ளத்தாக்கில் அதே கோதுமை இன்னும் பச்சை மாறவில்லை. நாலு பக்கம் மலை, நடுவில் மேஜை மாதிரி வயல். அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னாள். மணாலியில் எல்லாரும் பனிக்கு நிற்பார்கள், இவள் வயலுக்கு நின்றாள். வரப்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்து உருவிப் பார்த்தாள். "நெல்லு தலையைச் சாய்க்கும், இது நெட்டுக்குத்தலா நிக்குது பாரு. ஊரு ஊருக்கு ஒரு குணம்." தாத்தாவின் நிலத்தை விற்று முப்பது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவள் வரப்பில் கால் வைத்தது ஹிமாச்சலில்.

இதே வழியில் வயசானவர்களோடு போகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிரத்பூர் குருத்வாராவில் கட்டாயம் நிறுத்துங்கள். மண்டி, குலு ஊருக்குள் பெரிய ஓட்டல்களில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். டார்ச், செருப்பு, ஒரு மக், பழைய துணி வண்டியில் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மடக்கு நாற்காலிக் கழிப்பறை ஒன்று கடையில் கிடைக்கிறது, டிக்கியில் அடங்கும். நீர் மாத்திரையைப் பிரயாண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு சாயங்காலம் அந்தப் பட்டையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.